அசைவதெல்லாம் உயிரில்லை

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு மில்லி கடல்நீரை எடுத்தால் அதில் ஏறக்குறைய பத்து லட்சம் பாக்டீரியாக்களும், அதைப்போலப் பத்து மடங்கு வைரஸ்களும் இருக்கும். கடலோர நீருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது. கெடிலம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இன்னும் கூடலாம். இதில் எத்தனை உயிர் என்று கேட்டால் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் எண்ணுகிறவர் ஒரு எண் தருவார். அகார் தட்டில் (பாக்டீரியாவுக்குச் சத்து கலந்து கட்டியாக்கிய கூழ்) வளர்த்து எண்ணுகிறவர் தருவது அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. டி.என்.ஏ. துண்டைப் பெருக்கித் தேடும் பி.சி.ஆர். சோதனை போடுகிறவர் செத்ததையும் சேர்த்துக் கணக்கில் கொண்டுவருவார். மூவருமே பொய் சொல்லவில்லை. எந்தச் சோதனையில் என்று சேர்த்துச் சொல்லாதவரை, 'இது உயிரா' என்பது பாதிக் கேள்விதான்.

அசையும், வளரும், உண்ணும், இனம் பெருக்கும் என்று பள்ளிப் பாடத்தில் வரும் பட்டியல் யானைக்கும் வாழைக்கும் நன்றாகவே பொருந்துகிறது. மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் இறங்கும்போது அதில் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிறது. எது எங்கே கழல்கிறது என்பதைக் கொஞ்சம் கையால் செய்தே பார்க்கலாம்.

அசைவு

பழைய கல்லூரி மைக்ராஸ்கோப் ஒன்று போதும். பத்து மடங்கு ஐபீஸ், நாற்பது மடங்கு ஆப்ஜெக்டிவ், மொத்தம் 400 மடங்கு. கண்ணில் தெரியும் வட்டத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது சுமார் 450 மைக்ரான். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் எதன் அளவையும் வேகத்தையும் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம்.

உப்பனாற்றுச் சேற்று நீர் ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு, கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெல்ல இறக்குங்கள். ஓரத்து ஈரத்தைப் பில்டர் தாளால் ஒற்றிவிட்டு நான்கு பக்கமும் வாசலின் தடவி மூட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் காற்றில் நீர் உலர உலர உள்ளே ஓட்டம் உண்டாகி, மண் துகள், அழுக்கு எல்லாமே ஒரே திசையில் நீந்துவது போலத் தெரியும். புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் 'எவ்வளவு உயிர்!' என்று வியப்பது பெரும்பாலும் இந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான். எல்லாம் ஒரே பக்கம் போனால் அது நீரோட்டம், சந்தேகமே வேண்டாம்.

மூடிய பிறகும் துகள்கள் நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும். 1827-ல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் கண்டது இதைத்தான். மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் ஆடுவதைப் பார்த்தவர், முதலில் அது உயிரின் வேலையாக இருக்குமோ என்று நினைத்தார். பிறகு கண்ணாடிப் பொடி, கல் பொடி என்று ஒவ்வொன்றாக நீரில் போட்டுப் பார்த்தார். எகிப்தின் ஸ்பிங்க்ஸ் சிலையிலிருந்து வந்த சில்லைக்கூட விடவில்லை. எல்லாமே ஆடின. நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடிப்பதால் வரும் ஆட்டம் அது.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாக்கெட் பாலைக் கலக்கி முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். கொழுப்பு உருண்டைகள் அச்சு அசல் பாக்டீரியா போலவே துடிக்கும். கண் இதற்குப் பழகிய பிறகு உண்மையான நீச்சல் தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். ஒரு மைக்ரான் துகள் நம்மூர் வெப்பத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரான் தூரம் தள்ளாடும். ஆனால் திசை மாறி மாறித் தள்ளாடுவதால் நூறு நொடி ஆனாலும் சுமார் பத்து மைக்ரான்தான் நகர்ந்திருக்கும். நீந்தும் ஈ கோலை ஒரே நொடியில் இருபது, முப்பது மைக்ரான் போய்விடும். இன்னும் சந்தேகம் இருந்தால் கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு லூகால் அயோடின் விடுங்கள் (அந்தப் பக்கத்து வாசலினை மட்டும் வழித்துவிட்டு). உயிருள்ளது நீச்சலை நிறுத்தும். பிரவுன் ஆட்டம் நிற்காது.

இவ்வளவு செய்தும் பாதி விடைதான் கிடைக்கும். நீந்தாத பாக்டீரியா ஏராளம். தோசை மாவைப் பொங்கவைக்கும் லூகோனோஸ்டாக் பாக்டீரியா ஓர் அங்குலம்கூடத் தானாக நகராது. அதனால் அது செத்ததாகிவிடுமா?

கொதிக்கவைத்த வைக்கோல்

பத்து கிராம் வைக்கோலை நறுக்கி ஒரு லிட்டர் ஏரித் தண்ணீரில் ஊறப்போட்டால் இரண்டு மூன்று நாளில் மேலே பால் ஆடை போல ஒரு படலம் கட்டும். அது பாக்டீரியா. ஒரு வாரத்தில் அதைத் தின்ன ஒற்றைச் செல் மயிரிழை உயிர்கள் வந்துவிடும், பரமீசியம் அதற்கும் சற்றுப் பிறகு. மூடியை இறுக்கினால் அழுகி நாறும். துணி கட்டி நிழலில் வைப்பதே நல்லது.

அதே ஊறலை வடிகட்டிப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து மூடி வைத்தாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ கலங்கிவிடும். 1870-களில் இங்கிலாந்தில் பெரிய சண்டையே இதன் மேல் நடந்தது. கொதித்த நீரில் உயிர் தானாகத் தோன்றுகிறது என்று மருத்துவர் பாஸ்டியன் வாதிட்டார், இயற்பியலாளர் டிண்டால் மறுத்தார். வைக்கோலில் ஒட்டியிருக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியா விதையுறை போன்ற ஸ்போர் கட்டிக்கொள்கிறது என்றும், 100 டிகிரி அதைக் கொல்வதில்லை என்றும் ஃபெர்டினாண்ட் கோன் 1876-ல் காட்டினார். டிண்டால் கண்ட வழி கெட்டிக்காரத்தனமானது. மூன்று நாள் தொடர்ந்து, நாளுக்கு ஒருமுறை கொதிக்கவைக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் ஸ்போர் முளைத்து மென்மையாகும், அடுத்த கொதியில் சாகும். வீட்டுப் பிரஷர் குக்கரில் முழு அழுத்தம் வந்த பிறகு இருபது நிமிடம் வைத்தால் இந்த மூன்று நாள் வேலை ஒரே தடவையில் முடியும். உள்ளே சுமார் 121 டிகிரி வருவதுதான் காரணம். பாத்திரத்தை வாய்வரை நிரப்பினால் நடுவில் அந்தச் சூடு போய்ச் சேராது. பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது.

ஸ்போருக்குள் வேதிவினை என்று அளக்கும்படி ஒன்றும் நடப்பதில்லை. மூச்சு, உணவு, கழிவு எதுவும் இல்லை. பள்ளிப் பட்டியலில் ஒரு மதிப்பெண்கூட வாங்காது. ஆனாலும் நுண்ணுயிரியலில் யாரும் அதைச் செத்தது என்று எழுதுவதில்லை, முளைக்கும் என்ற நம்பிக்கையில்.

இதற்கு நேர் எதிரான ஒன்று புதுச்சேரியில் உண்டு. அங்கே 1975-ல் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையம், கொசுப்புழுவைக் கொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் பாக்டீரியாவை மருந்தாக்கியது. கொல்வது ஸ்போரோடு சேர்ந்து உருவாகும் புரதப் படிகம். புழு அதை விழுங்கியதும் குடலின் காரத்தன்மையில் கரைந்து, குடல் செல்களை ஓட்டையாக்கிவிடும். ஸ்போர் செத்திருந்தாலும் படிகம் கெடாமல் இருந்தால் வேலை நடக்கும். ஆகவே இந்த மருந்தின் தரத்தை உயிரோடிருக்கும் ஸ்போர்களை எண்ணி முடிவு செய்வது தப்பு. புழுக்களில் போட்டு எத்தனை சாகின்றன என்று பார்க்க வேண்டும்.

தட்டில் வளர்ந்தால்

பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கத்து இறால் பண்ணைகளுக்கு அகார் தட்டு புதிதல்ல. குட்டைத் தண்ணீரில் இறாலுக்கு நோய் தரக்கூடிய விப்ரியோ பாக்டீரியா எவ்வளவு என்று பார்க்க, அதற்கென்றே உள்ள டி.சி.பி.எஸ். அகார் ஊற்றுகிறார்கள். லிட்டருக்கு 89 கிராம் பொடி. கொதிக்கவைத்தால் போதும், ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது, வைத்தால் ஊடகம் கெட்டுவிடும். மாதிரியைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்யும்போது வெறும் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துவது பெரிய தவறு. உப்பில் வாழும் செல் நல்ல நீரில் விழுந்தால் நீரை உறிஞ்சி வெடிக்கும். அப்புறம் தட்டு சுத்தமாக இருக்கும், பண்ணைக்காரருக்குத் தவறான நிம்மதி கிடைக்கும். குட்டையின் உப்புக்கு ஏற்ற உப்புக்கரைசல்தான் வேண்டும்.

0.1 மில்லியைத் தட்டில் பரப்பி 30 டிகிரியில் வைத்து, 18-லிருந்து 24 மணி நேரத்துக்குள் எண்ண வேண்டும். சர்க்கரையைப் புளிக்கவைக்கும் வகை மஞ்சளாகவும், வைக்காதது பச்சையாகவும் தெரியும். நேரம் கடந்தால் மஞ்சளே பச்சையாகத் திரும்பும். நூறு மடங்கு நீர்த்த மாதிரியில் 46 புள்ளிகள் என்றால் மில்லிக்கு 46,000. முந்நூறுக்கு மேல் புள்ளிகள் வந்த தட்டையும் முப்பதுக்குக் கீழே வந்ததையும் கணக்கில் எடுப்பதில்லை.

தட்டு எண்ணுவது 'புள்ளி உண்டாக்கும் அலகு'. உயிர்களை அது எண்ணுவதில்லை. கடல்நீர் பாக்டீரியாவில் நூற்றில் ஒன்றுகூட இந்தத் தட்டில் வளராது. உலகக் கடல்களில் மிக அதிகம் இருக்கும் பெலாஜிபாக்டர் என்ற பாக்டீரியா 2002-ல்தான் ஆய்வகத்தில் வளர்ந்தது. அதற்குத் தேவைப்பட்டது கிட்டத்தட்டப் பட்டினி, அதாவது வெறும் கடல்நீர். கொழுத்த சாப்பாடு போட்டவர்களுக்கு அது அகப்படவே இல்லை. காலரா கிருமி இன்னொரு வித்தை காட்டும். குளிரோ பட்டினியோ நேர்ந்தால் சுருங்கிக்கொண்டு, எந்தத் தட்டிலும் வளராமல், ஆனால் உள்ளே உயிர்வேலையை நிறுத்தாமல் இருக்கும். 1982-ல் ரீட்டா கோல்வெல்லின் குழு இதை வெளியிட்டது. 'தட்டில் வரவில்லை, தண்ணீர் சுத்தம்' என்று எழுதிக் கொடுப்பவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டு எழுதலாம்.

டின்னுக்குள் தூங்கும் ஆர்ட்டீமியா

உயிர், சாவு இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமானால் இறால் பொரிப்பகங்களில் குஞ்சுகளுக்குத் தீனியாக வைத்திருக்கும் ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சிற்றுயிர்) முட்டையைவிட வசதியானது கிடையாது. கால் மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பழுப்புப் பொடி. காய்ந்த நிலையில் மைக்ராஸ்கோப்பில் ஒரு பக்கம் குழிந்து, காற்றுப் போன பந்து போல இருக்கும். ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் செல்கள் கொண்ட கரு வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கிறது. சரியாக உலர்ந்திருந்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

பொரிக்க, அடிப்பக்கம் கூம்பான பாத்திரம் வேண்டும். தட்டையான அடியில் முட்டைகள் மூலையில் போய்த் தங்கி மூச்சுமுட்டிச் சாகும். லிட்டருக்கு இரண்டு கிராம் முட்டை. உப்பு 25-லிருந்து 30 பி.பி.டி. (ஆயிரத்தில் இத்தனை பங்கு), வெப்பம் 28-லிருந்து 30 டிகிரி, பி.எச். 8-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் சமையல் சோடா கொஞ்சம் கரைக்கலாம். காற்றுக்குழாய் கூம்பின் நுனியிலிருந்து பலமாக வர வேண்டும். முதல் சில மணி நேரம் நல்ல வெளிச்சம் அவசியம், விழிக்கச் சொல்லும் சைகையே அதுதான். ஒன்றிரண்டு மணியில் முட்டை உருண்டையாகும். 24 மணி நேரத்தில், நல்ல டின்னாக இருந்தால், கிராமுக்கு இரண்டு மூன்று லட்சம் குஞ்சுகள்.

கடலூர், மரக்காணம் மாதிரிக் கடலோர ஊர்களில் கெடுவது பெரும்பாலும் டின்னைத் திறந்த பிறகுதான். முட்டையின் ஈரப்பதம் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை உள்ளே எதுவும் ஓடாது. ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் மூடியைச் சரியாக மூடாமல் வைத்தால் ஈரம் அந்தக் கோட்டைத் தாண்டும். உள்ளே உயிர்வேலை மெல்லத் தொடங்கும், ஆனால் பொரிக்கும் அளவுக்கு நீர் இருக்காது. கரு தன் சேமிப்பை எரித்துவிட்டுச் சாகும். காய்ந்து கிடந்தபோது பிழைத்திருந்தது, அரைகுறையாக வாழ ஆரம்பித்ததால் செத்தது.

பொரியாமல் நின்றவை செத்தவையா, தூங்குபவையா என்று அறிய ஓட்டை உரித்துப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் ஊறவைத்த முட்டையைச் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் போட்டுக் கிளறினால் பழுப்பு சாம்பலாகி, வெள்ளையாகி, கடைசியில் ஆரஞ்சு நிறம் வரும். ஆரஞ்சு வந்த உடனே வடிகட்டிக் குளோரின் வாடை போகும்வரை கழுவி, மிச்சக் குளோரினை முறிக்கும் தயோசல்பேட்டில் ஒருமுறை முக்க வேண்டும். வினையில் சூடு கிளம்பும், 40 டிகிரியைத் தாண்டவிடாமல் ஐஸ் கையில் இருக்கட்டும். முழு ஆரஞ்சாக நிற்பது நல்ல கரு. சாம்பல் பூத்தது போனது.

மழைக்காலத்தில் காம்பவுண்டு சுவரில் வரும் பாசியைக் கோடையில் சுரண்டி ஒரு ராத்திரி நீரில் போட்டுப் பிழிந்தாலும் இதே கதையின் சிறு வடிவம் கிடைக்கும். சுழலிகள் என்ற நுண்விலங்குகள் எழுந்து தலைச்சக்கரத்தைச் சுழற்றும், அதிர்ஷ்டம் இருந்தால் எட்டுக்கால் நுண்விலங்கான நீர்க்கரடியும் தெரியும்.

கறிவேப்பிலைக் கொழுந்தில்

கறிவேப்பிலைக் கொழுந்தில் வால்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும் சின்னப் பழுப்புப் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் மஞ்சள் குஞ்சுகள் வெள்ளை மெழுகு நூல் விட்டுக் கிடக்கும். எலுமிச்சையையும் தாக்கும், சாறு உறிஞ்சும் சைலிட் பூச்சி அது. அதன் வயிற்றில் தனி உறுப்பு ஒன்றுக்குள் கார்சோனெல்லா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. இலைச்சாற்றில் இல்லாத அமினோ அமிலங்களைப் பூச்சிக்குச் செய்து தருவது அதன் வேலை. இந்தப் பூச்சியில் அதன் மரபணுத் தொகுதி 1,74,000 டி.என்.ஏ. எழுத்துகள். ஈ கோலைக்கு 46 லட்சம். தன் டி.என்.ஏ.வைத் தானே முழுதாக நகலெடுக்கத் தேவையான மரபணுக்கள்கூட அதனிடம் இல்லை. பூச்சியை விட்டு வெளியே அதை யாரும் வளர்த்ததில்லை.

இதை உயிர் என்பதா, பூச்சியின் உறுப்பு என்பதா? பண்ருட்டிப் பக்கம் கத்தரியில் வரும் சிற்றிலை நோயைத் தரும் பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவும் இந்த வரிசைதான். செல்சுவர் கிடையாது, தத்துப்பூச்சி வழியாகச் செடிக்குச் செடி தாவும். தன் காலில் நிற்காததை உயிர்ப்பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் ஒன்பது அமினோ அமிலங்களுக்குச் சாப்பாட்டை நம்பியிருக்கும் நாமும் தேற மாட்டோம். 2016-ல் கிரெய்க் வென்டர் குழு 473 மரபணுக்களோடு செய்த மிகச் சிறிய செல்லுக்கும் எல்லாச் சத்தும் கரைத்து ஊட்டித்தான் ஆக வேண்டும். அந்த 473-ல் 149 என்ன செய்கின்றன என்று செய்தவர்களுக்கே அப்போது தெரியாது.

அளவை வைத்துக் கோடு போடலாமா? தனித்து வாழும் செல்லுக்கு 200-லிருந்து 300 நானோமீட்டர் விட்டமாவது வேண்டும், அதற்குக் கீழே டி.என்.ஏ.வும் புரதம் செய்யும் ரைபோசோம்களும் அடங்காது என்று 1999-ல் வெளியான அமெரிக்க அறிவியல் அகாதமியின் அறிக்கை கணித்தது. சிறுநீரகக் கல்லில் அதைவிடச் சிறிய 'நானோபாக்டீரியா' கிடைத்ததாக 1998-ல் ஃபின்லாந்தில் அறிவித்திருந்தார்கள். பெருகுவது போலவே இருந்தது. பத்தாண்டு கழித்துப் பார்த்தால் அது சுண்ணாம்புச் சத்தும் புரதமும் சேர்ந்து வளர்ந்த துகள். வளர்வதும் உயிருக்குச் சாட்சி ஆகவில்லை. மறுபக்கம், கரீபியக் கடலின் குவாதலூப் அலையாத்திக் காட்டில் கண்ணுக்கே தெரியும்படி ஒரு சென்டிமீட்டர் நீளப் பாக்டீரியா இருப்பதாக 2022-ல் அறிவித்தார்கள். நம் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் அழுகிய இலைகளைக் குனிந்து பார்க்க யாருக்காவது பொறுமை இருந்தால் நல்லது.

வைரஸ்

1992-ல் இங்கிலாந்தின் பிராட்போர்டில் குளிர்விப்புக் கோபுர நீரில் அமீபாவுக்குள் ஒரு 'பாக்டீரியா' அகப்பட்டது. சாயம் ஏற்றது, சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே தெரிந்தது. 2003-ல்தான் அது வைரஸ் என்று தெளிவானது. அந்த மிமிவைரஸின் மரபணுத் தொகுதி சுமார் 12 லட்சம் எழுத்து, கார்சோனெல்லாவைப் போல ஆறேழு மடங்கு. இல்லாதது ரைபோசோம். புரதம் செய்யும் பட்டறை கார்சோனெல்லாவிடம் உண்டு, மிமிவைரஸிடம் இல்லை. கோடு போட்டே ஆக வேண்டும் என்றால் நான் ரைபோசோமில் போடுவேன். அளவைவிட, அசைவைவிட அது நாணயமான அடையாளம். ஆனால் பிலிப்பைன்ஸில் தென்னந்தோப்புகளை அழித்த கடங்-கடங் நோய்க்குக் காரணமான வைராய்டு வெறும் 246 எழுத்து ஆர்.என்.ஏ. வளையம். மேலே ஒரு புரத உறைகூட இல்லை. என் கோட்டுக்கு வெளியே இருந்துகொண்டு மரத்தைச் சாய்க்கிறது, மாறி மாறிப் பரிணாமமும் அடைகிறது.

நம் கரையில் இந்தக் கேள்விக்குப் பண மதிப்பு உண்டு. இறாலின் வெள்ளைப்புள்ளி வைரஸ் 1994 வாக்கில் இந்தியாவுக்கு வந்தது. மூன்று லட்சம் எழுத்து டி.என்.ஏ., கொழுப்பு உறை. தொற்றிய குட்டை மூன்றிலிருந்து பத்து நாளில் காலியாகும். பிறகு பண்ணைக்காரர் கேட்பது ஒன்றே ஒன்று: குட்டையில் அது செத்துவிட்டதா?

உயிரில்லாதது எப்படிச் சாகும் என்று தர்க்கம் பேசலாம். செய்ய வேண்டியது வேறு. தண்ணீரை வெளியே விடாமல், 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரை 60 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 60 பங்கு) கணக்கில் போடுவார்கள். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேருக்கு 600 கிலோ. வெயிலில் குளோரின் சிதையும், ஆகவே பொழுது சாய்ந்த பிறகு. பி.எச். 8-ஐத் தாண்டினால் அதன் வீரியம் குறையும். அடியில் தீனிக் கசடு கிடந்தால் குளோரினை அதுவே தின்றுவிடும். செத்த இறாலை முன்பே அரித்து எடுத்துக் குழியில் சுண்ணாம்போடு புதைத்திருக்க வேண்டும். கரை வளையில் இருக்கும் நண்டு தப்பினால் எல்லாம் வீண். அதற்கு நோய் காட்டாது, வைரஸை மட்டும் சுமக்கும்.

ஒரு வாரம் கழித்து நீரை எடுத்துப் பி.சி.ஆர். போட்டால் 'பாசிட்டிவ்' வரலாம். பதற வேண்டாம், நம்பவும் வேண்டாம். பி.சி.ஆர். தேடுவது மூன்று லட்சத்தில் சில நூறு எழுத்துள்ள துண்டை. உறை கிழிந்து, தொற்றும் சக்தி போன பிறகும் அந்தத் துண்டு சேற்றில் கிடக்கும். தொற்றுமா தொற்றாதா என்று சொல்லக்கூடிய சோதனை இறால் மட்டுமே. குளோரின் முற்றிலும் போனதை டெஸ்ட் கிட்டில் உறுதி செய்துகொண்டு, பரிசோதித்துச் சுத்தம் என்று தெரிந்த இருபது முப்பது இளம் இறாலை ஹாப்பா என்ற கூண்டு வலையில் போட்டுக் குட்டையிலேயே பத்து நாள் வைக்க வேண்டும். செத்தால் ஓட்டில் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்த இறாலைப் பி.சி.ஆருக்கு அனுப்ப வேண்டும், ஏனென்றால் பாக்டீரியாவாலும் வெள்ளைப் புள்ளி வருவதுண்டு. சாகாவிட்டாலும் சிலவற்றை அனுப்ப வேண்டும். ஹாப்பாவின் கண் சிறியதாக இருக்கட்டும், அடி தரையில் படாமல் தூக்கிக் கட்டட்டும். ஒரு நண்டு உள்ளே புகுந்துவிட்டால் சோதித்தது தண்ணீரையா நண்டையா என்று கடைசிவரை தெரியாது.